டிரைவர் அண்ணா இல்லாத சுற்றுலா

நியூசிலாந்தின் தெற்குத் தீவைச் சொந்தமாகக் கார் ஓட்டிச் சுற்றிப் பார்க்க ஆசையா? பெட்டி கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்.

ஊட்டிக்கோ மூணாறுக்கோ குடும்பத்தோடு கிளம்பும்போது நம்மோடு ஒருவர் கூடவே வருவார். பெயர் தெரிந்தாலும் அவரைக் கூப்பிடுவது ‘டிரைவர் அண்ணா’ என்றுதான். நல்ல டீக்கடை பார்த்து நிறுத்துவது, கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்குவது, பஞ்சர் ஆனால் ஸ்டெப்னி மாற்றுவது, டெம்போ டிராவலரின் தலையில் பெட்டிகளை ஏற்றிக் கட்டுவது எல்லாம் அவர் பாடு. “அண்ணா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டால் நம் கடமை முடிந்தது.

வெளிநாட்டில் வாடகைக் கார் எடுத்து நாமே ஓட்டிப் போகும் ‘செல்ஃப் டிரைவ்’ பயணத்தில் அந்த அண்ணா இல்லை. அவர் சீட்டில் அப்பாவோ அம்மாவோ மாப்பிள்ளையோ உட்காரப் போகிறார்கள். லீவு எடுத்துக்கொண்டு வந்த அந்த ஒருவருக்குத்தான் வேலை. எத்தனை நாள், எந்த ஊர், எந்தக் கார், எத்தனை பெட்டி என்று செய்யும் ஏற்பாடு ஒவ்வொன்றும் அவருடைய கண்ணும் முதுகும் எவ்வளவு தாங்கும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நம் வீடுகளில் அதைக் கடைசியாகத்தான் யோசிக்கிறோம்.

முதல் செல்ஃப் டிரைவுக்கு எந்த நாடு என்று என்னைக் கேட்டால், நியூசிலாந்தின் தெற்குத் தீவைச் சொல்வேன். இலங்கை, மலேசியா, ஜப்பான், ஆஸ்திரேலியாபோல அங்கேயும் சாலையில் இடது பக்கம்தான். ஸ்டீயரிங் வலது பக்கம். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ முதல் இரண்டு நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் மூளை செய்யும் கண்ணாடி வித்தை இங்கே தேவையில்லை. தீவு நம் தமிழ்நாட்டைவிடச் சற்றே பெரியது. மக்கள்தொகை சுமார் 12 லட்சம். ஊர் தாண்டினால் சாலையில் ஆளே இருக்காது. ஆள் இல்லாத அந்தச் சாலைக்கு வேறு விதமான ஆபத்து உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் காகிதங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். விசா கட்டணத்தோடு, வெளிநாட்டுப் பயணிகளிடம் வசூலிக்கப்படும் 100 நியூசிலாந்து டாலர் சுற்றுலாத் தீர்வையையும் கணக்கில் வையுங்கள். 2024 அக்டோபருக்கு முன் இது 35 டாலர்தான். நம் ஊர் ஸ்மார்ட் கார்டு லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதால் அதைக் கொண்டே அங்கே ஓட்டலாம். ஆனாலும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துக்கொண்டு போவது நல்லது என்பது என் கட்சி. லைசென்ஸ், பாஸ்போர்ட், விசா மூன்றையும் வைத்து ஆர்.டி.ஓ. அலுவலகத்திலோ பரிவாகன் தளத்திலோ விண்ணப்பித்தால், 1,000 ரூபாய் கட்டணத்தில் ஓராண்டுக்கு இந்த அனுமதி கிடைக்கும். இது லைசென்ஸுக்கு மாற்று அல்ல, துணைதான். அசல் கார்டு கையில் இருக்க வேண்டும். டிஜிலாக்கரை நம்பிக் கிளம்பாதீர்கள். வாடகைக் கார் கவுன்ட்டரில் இருப்பவர் தமிழ்நாட்டு லைசென்ஸை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறவராக இருக்கலாம். அப்போது அந்த ஆயிரம் ரூபாயின் அருமை தெரியும்.

எப்போது போவது?

நம் பள்ளி விடுமுறைதான் இதை முடிவு செய்கிறது. அரையாண்டு லீவில் போனால் அங்கே உச்சக் கோடை. குயின்ஸ்டவுனில் இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். அங்குள்ளவர்களுக்கும் அதுதான் விடுமுறைக் காலம் என்பதால் காரும் அறையும் விலை ஏறியிருக்கும். மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும். இன்னொன்று, டிசம்பர் 25 அன்று பெரும்பாலான கடைகள் திறக்கச் சட்டத்திலேயே இடமில்லை. அன்று காலை குழந்தைகளோடு போய் இறங்கிவிட்டுப் பாலும் பிரெட்டும் தேடி அலைவது நல்ல ஆரம்பம் அல்ல. புனித வெள்ளிக்கும் ஈஸ்டர் ஞாயிறுக்கும் இதே கதை.

முழு ஆண்டு லீவில், அதாவது ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் போனால் இலையுதிர் காலம். வனாக்கா, ஏரோடவுன் பக்கமெல்லாம் மரங்கள் மஞ்சள் பூத்து நிற்கும். கூட்டம் குறைவு, விலையும் குறைவு. ஆனால் மே நடுவில் மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும். மலைச் சாலைகளில் காலையில் பனி உறைந்து வழுக்கும். ஓட்டுகிறவருக்குக் கிடைக்கும் பகல் வெளிச்சம் டிசம்பரைவிடப் பல மணி நேரம் குறைவு. இதை மறந்துவிட்டு, டிசம்பரில் போய் வந்த பக்கத்து வீட்டுக்காரரின் திட்டத்தை அப்படியே எடுத்து மே மாதத்தில் ஓட்ட முடியாது. பணம் மிச்சமாக வேண்டும், கூட்டமும் வேண்டாம் என்பவர்களுக்கு ஏப்ரல் கடைசி வாரம்தான் என் சிபாரிசு.

கிலோமீட்டரை மறந்து மணியைப் பாருங்கள்

தெற்குத் தீவில் பலரும் சுற்றும் பாதை ஒன்று உண்டு. கிரைஸ்ட்சர்ச்சில் தொடங்கி டெக்காப்போ ஏரி, மவுன்ட் குக், குயின்ஸ்டவுன், டி ஆனவ், மில்ஃபர்ட் சவுண்ட் வரை போய், திரும்பி வனாக்கா, ஹாஸ்ட் கணவாய், மேற்குக் கரையில் ஃபிரான்ஸ் ஜோசஃப் பனிப்பாறை, கிரேமவுத், ஆர்தர்ஸ் பாஸ் வழியாக மறுபடி கிரைஸ்ட்சர்ச். ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்பி, இளைப்பாறாமல் மறுபடி மதுரை வரை போவதற்குச் சமம்.

“ஆறு நாளில் முடிச்சுடலாம்ங்க, அங்கதான் டிராஃபிக்கே இல்லையே!” என்று வீட்டில் ஒருவர் கட்டாயம் சொல்வார். முடிக்கலாம்தான். ஓட்டுகிறவர் ஆறு நாளும் பார்த்தது சாலையின் நடுக்கோட்டை மட்டுமாக இருக்கும். நம் நாற்கரச் சாலையைப்போல நடுவில் தடுப்பு வைத்த சாலைகள் அங்கே அபூர்வம். நெடுஞ்சாலை என்றாலே பெரும்பாலும் போக ஒரு வழி, வர ஒரு வழி, நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான். வேக வரம்பு 100 என்று பலகை இருக்கும். அடுத்த வளைவிலேயே 35 என்று மஞ்சள் பலகை வந்துவிடும். அந்த 35-ஐ நம்புங்கள். செல்போன் வரைபடம் மூன்று மணி நேரம் என்று காட்டினால், நிறுத்திப் படம் எடுக்க, டீ குடிக்க, குழந்தைக்கு வாந்தி வந்தால் கழுவிவிட எல்லாம் சேர்த்து நான்கரை மணி நேரம் என்று எழுதுங்கள். ஒரு நாளில் ஸ்டீயரிங் பிடிக்கும் நேரம் நான்கு மணியைத் தாண்டக் கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் போட்டுவிட்டு, அதற்கேற்றபடி ஊர்களை வெட்டுங்கள். மேலே சொன்ன சுற்றுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தால் நிம்மதி. அவ்வளவு லீவு கிடைக்காதென்றால் மேற்குக் கரையை விட்டுவிட்டு, மவுன்ட் குக்கும் குயின்ஸ்டவுனும் டி ஆனவும் போதும் என்று முடித்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம்.

முதல் நாள் கார் ஓட்டவே வேண்டாம். கோடையில் நியூசிலாந்து நம்மைவிட ஏழரை மணி நேரம் முன்னால் இருக்கும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் மாறி, மேலும் பத்து மணி நேரம் பறந்து, காலை பத்து மணிக்குக் கிரைஸ்ட்சர்ச்சில் இறங்கினால், உடம்புக்கு அது விடியற்காலை இரண்டரை மணி. அந்த நிலையில் புது ஊரில், புதுக் காரில், பின்சீட்டில் தூங்கி வழியும் குடும்பத்தோடு 225 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டெக்காப்போவுக்குக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அன்று கிரைஸ்ட்சர்ச்சிலேயே தங்குங்கள். காரைக்கூட மறுநாள் காலையில் எடுத்துக்கொள்ளலாம்; ஒரு நாள் வாடகையும் மிச்சம்.

திட்டத்தில் ஒரு நாளையாவது காலியாக விட்டுவைக்கவும் வேண்டும். மேற்குக் கரையில் கடலுக்கும் மலைக்கும் நடுவே இருப்பது ஒரே நெடுஞ்சாலை. 2019 மார்ச்சில் பெருமழையில் ஃபிரான்ஸ் ஜோசஃப் ஊரை ஒட்டிய வைஹோ ஆற்றுப் பாலம் அடித்துக்கொண்டு போனது. பாலத்துக்கு அந்தப் பக்கம் 23 கிலோமீட்டரில் இருக்கும் ஃபாக்ஸ் பனிப்பாறை ஊருக்குப் போக, மலைத்தொடரையே சுற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்ட வேண்டியதாயிற்று. மூன்று வாரத்துக்குள் மாற்றுப் பாலம் போட்டுவிட்டார்கள். ஆனால் அந்த நேரத்தில் அங்கே மாட்டிக்கொண்டவர்களுக்கு விமானம் காத்திருக்காது. தினமும் காலை கிளம்புமுன் நெடுஞ்சாலைத் துறையின் ‘ஜர்னி பிளானர்’ தளத்தில் சாலை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். விமானத்துக்கு முந்தைய இரவு மலைக்கு இந்தப் பக்கம், கிரைஸ்ட்சர்ச்சிலேயே தங்கிவிடுவது உத்தமம்.

கவுன்ட்டரில் பேச வேண்டியவை

ஏழு சீட்டர் கார் என்றால் ஏழு பேர் உட்காரலாம். பெட்டி வைக்க இடம் இருக்காது. மூன்றாவது வரிசை சீட்டை நிமிர்த்தினால் பின்னால் இரண்டு கைப்பைகள் நின்றால் பெரிது. நான்கு பேர் போகிறீர்கள் என்றால் ஐந்து சீட் எஸ்.யூ.வி., ஆறு பேர் என்றால் எட்டு சீட் வேன் என்று ஒரு படி மேலே பாருங்கள்.

வாடகைக் கார்கள் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக். கியர் மாற்றியே பழகிய இடது கால், கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை மிதிக்கும். கிளம்புவதற்கு முன் நண்பர் யாரிடமாவது ஆட்டோமேட்டிக் கார் இருந்தால் ஈ.சி.ஆரில் அரை நாள் ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஓட்டுநரின் பெயரை ஒப்பந்தத்தில் கட்டாயம் எழுதுங்கள். வீட்டில் கார் லைசென்ஸ் வைத்திருந்தும் நெடுஞ்சாலையில் ஓட்டக் கொடுத்துவைக்காத ஒருவர் இருப்பார்; பல வீடுகளில் அது அம்மாதான். தெற்குத் தீவின் நேரான, ஆளில்லாத மெக்கன்சி சமவெளிச் சாலை அவருக்குக் கச்சிதமான இடம். பெயர் எழுதாமல் சாவியைக் கைமாற்றினால், விபத்து நேரும்போது இன்ஷூரன்ஸ் கைவிட்டுவிடும்.

இன்ஷூரன்ஸ் என்று கவுன்ட்டரில் சொல்வதில் கவனிக்க வேண்டியது ‘எக்ஸஸ்’. சேதம் ஏற்பட்டால் முதலில் நம் கையிலிருந்து போகும் தொகை அது; அடிப்படைத் திட்டத்தில் பல ஆயிரம் டாலர் இருக்கும். தினசரி கூடுதல் கட்டணம் கட்டினால் அது குறையும் அல்லது இல்லாமல் போகும். இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் வேண்டாம் என்பேன். கல் தெறித்து விரிசல் விடும் முன்கண்ணாடி, டயர் இரண்டும் அதில் சேருமா என்று கேளுங்கள். பெட்ரோல் காரில் டீசல் போட்டுவிட்டால் பொதுவாக எந்தத் திட்டமும் காப்பாற்றாது. குயின்ஸ்டவுன் பக்கத்து ஸ்கிப்பர்ஸ் பள்ளத்தாக்குச் சாலைபோலச் சில இடங்களுக்கு வாடகைக் காரை எடுத்துப் போகவே கூடாது என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும். டீசல் கார் எடுத்தால் ஓடிய கிலோமீட்டருக்குச் சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் தனியாக வரும். எரிபொருள் மலிவு என்று கணக்குப் போடும்போது இதையும் சேருங்கள்.

காரை எடுத்தவுடன் நான்கு பக்கமும் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். முன்பணத்தை கிரெடிட் கார்டில் பிடித்துவைப்பார்கள். நம் வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே செயலியில் திறந்துவிட்டால்தான் வேலை செய்யும். ரிசர்வ் வங்கி 2020-ல் கொண்டுவந்த விதி இது. கவுன்ட்டரில் கார்டு மறுக்கப்பட்ட பிறகு, சென்னையில் நள்ளிரவு ஆகியிருக்கும் நேரத்தில் வங்கிக்குப் போன் போடுவதைவிட முதல் நாளே திறந்துவைப்பது மேல். பின் நம்பரும் நினைவில் இருக்கட்டும். ஆள் இல்லாத பெட்ரோல் பங்க்குகளில் கார்டைச் சொருகி நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஏழு வயது ஆகாத குழந்தைக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம். “மடியில வெச்சுக்கிறேன்” என்பது அங்கே செல்லாது. காரோடு சேர்த்து முன்பே பதிவு செய்யுங்கள்.

மல்லிகைப் பூவும் ஆப்பிளும்

நியூசிலாந்து விமான நிலையத்தில் குடியுரிமை அதிகாரியைவிட உயிர்ப் பாதுகாப்பு அதிகாரிதான் நம்மவர்களுக்குக் கண்டம். கடலுக்கு நடுவே தனித்து வளர்ந்த நாடு அது. மனிதர்கள் வருமுன் வௌவாலைத் தவிர அங்கே நிலத்தில் வாழும் பாலூட்டியே கிடையாது. விவசாயத்தையும் பால் மாட்டையும் நம்பிப் பிழைக்கும் நாடு என்பதால், வெளியிலிருந்து வரும் ஒரு பூச்சிக்கும் ஒரு கிருமிக்கும் அஞ்சுகிறார்கள். 2010-ல் கிவிப் பழத் தோட்டங்களில் ஒரு பாக்டீரியா நுழைந்து கொடிகளைச் சாய்த்தது. 2017-ல் மாடுகளுக்கு நோய் தரும் கிருமி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு, லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்று அதைக் கட்டுப்படுத்தப் பார்த்தார்கள். எனவே சோதனை கறாராக இருக்கும்.

இறங்குமுன் நிரப்பும் பயணி அறிவிப்புப் படிவத்தில், உணவு கொண்டுவருகிறீர்களா என்ற கேள்விக்குத் தயங்காமல் ‘ஆம்’ போடுங்கள். ‘ஆம்’ போட்டுவிட்டு அதிகாரியிடம் காட்டினால், அனுமதிக்கப்பட்டது உள்ளே போகும், அனுமதி இல்லாதது குப்பைக்குப் போகும், அபராதம் இல்லை. மறைத்தாலோ மறந்தாலோ அந்த இடத்திலேயே 400 டாலர். விமானத்தில் கொடுத்த ஆப்பிளைக் குழந்தை பிறகு தின்னட்டும் என்று கைப்பையில் போட்டுவைத்ததற்கும் அதே 400 டாலர்தான்.

கறிவேப்பிலைக் கொத்து, பழம், தேன் இவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பால்கோவா, பேடா போன்ற பால் இனிப்புகளும் வேண்டாம். வழியனுப்ப வந்த அத்தை விமான நிலையத்தில் தலையில் வைத்துவிட்ட மல்லிகைப் பூவைச் சிங்கப்பூரிலேயே எடுத்துப் போட்டுவிடுவது நலம். ருத்திராட்சமும் துளசி மாலையும் விதையும் மரமும் ஆனவை. கழுத்தில் கிடந்தாலும் அறிவியுங்கள். பருப்புப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் போன்றவற்றைக் கடையில் வாங்கிய, பிரிக்காத, ஆங்கிலத்தில் பெயர் எழுதிய பாக்கெட்டாகக் கொண்டுபோனால் அதிகாரிக்கும் நமக்கும் வேலை எளிது. வீட்டுப் பொடியைக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு, அது என்ன என்று விளக்கிக்கொண்டு நிற்பது சங்கடம். எல்லாவற்றையும் ஒரே பையில், பெட்டியின் மேல்பக்கம் வையுங்கள். வரிசையில் நின்றபடி ஐந்து பெட்டியையும் கிளற வேண்டியதில்லை.

ஷூவின் அடியில் மண் இருந்தாலும் பிடிப்பார்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டிக் கழுவி, காயவைத்து எடுத்துப் போங்கள். அந்த ஊர் ஆறுகளில் பரவிவிட்ட ஒரு நீர்ப்பாசிக்காக, ஓர் ஏரியில் நனைந்த செருப்பையும் துணியையும் காயவைக்காமல் அடுத்த ஏரியில் இறங்காதே என்று அந்நாட்டுக்காரர்களுக்கே அறிவுறுத்துகிறார்கள். இது நம்மைக் குறிவைத்த கெடுபிடி என்று நினைத்துக் கோபப்பட வேண்டாம்.

சாப்பாட்டுக்குத் திண்டாட்டம் இருக்காது. மோட்டல்களில் அறையோடு சிறு சமையல் மேடையும் பாத்திரமும் இருப்பது வழக்கம். அரிசி, பருப்பு, தயிர், காய்கறி எல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். ஊரிலிருந்து ஒரு சின்ன ரைஸ் குக்கர் வந்தால் போதும். சாதமும் பொடியும் தயிரும் இருந்தால் எந்த மலையுச்சியும் நம் ஊர்தான். தமிழ்நாட்டைப்போல நியூசிலாந்தும் 2019-லேயே கடைகளில் கேரி பேக்கை ஒழித்துவிட்டது. எனவே இரண்டு மஞ்சப்பைகளை மறக்காதீர்கள்.

ஆளுக்கொரு பெட்டி வேண்டாம்

நம் வழக்கம் ஆளுக்கொரு பெரிய பெட்டி. ஒரே ஹோட்டலில் ஒரு வாரம் தங்குவதற்கு அது சரி. ஒவ்வோர் இரவும் ஒவ்வோர் ஊரில் தங்கும் பயணத்தில், தினமும் நான்கு பெட்டியை இறக்கி, திறந்து, மூடி, ஏற்ற வேண்டும். நாள் முழுக்க ஓட்டியவர்தான் அதையும் தூக்குவார். இதற்கு நல்ல மாற்று, ஆள்வாரியாக இல்லாமல் இரவுவாரியாகக் கட்டுவது. குடும்பத்தில் எல்லோருடைய இரண்டு இரவுக்கான துணியும் ஒரே துணிப்பையில். அடுத்த இரண்டு இரவுக்கு இன்னொரு பை. அன்றைக்கு உரிய பை மட்டும் அறைக்குள் போகும். மீதி டிக்கியிலேயே இருக்கும். மோட்டல்களிலும் ஹாலிடே பார்க்குகளிலும் வாஷிங் மெஷின் இருக்கும் என்பதால் ஐந்து நாள் துணி போதும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியைவிட, அழுத்தினால் மடங்கும் துணிப்பைதான் டிக்கியின் மூலை முடுக்கில் அடங்கும். வீட்டில் இதற்குப் பலத்த எதிர்ப்பு வரும் என்பதை மட்டும் எச்சரித்துவிடுகிறேன். “என் புடவைக்கு நடுவுல அவனோட ஷார்ட்ஸா?”

துணியில் கனத்தைவிட அடுக்கு முக்கியம். ஒரே தடிமனான ஜாக்கெட்டுக்குப் பதில் பனியன், மெல்லிய ஸ்வெட்டர், மேலே தலையை மூடும் மழைக்கோட்டு. காற்றில் குடை நிற்காது. வெயில் சுள்ளென்று தெரியாவிட்டாலும் அங்கே புற ஊதாக் கதிர் கடுமை. குளிர் காற்று அடிக்கும்போதே தோல் கருகும். சன்ஸ்கிரீன் நமக்கு எதற்கு என்று இருந்துவிடாதீர்கள். மேற்குக் கரையிலும் மில்ஃபர்டிலும் சாண்ட்ஃப்ளை என்ற பொடிப் பூச்சி கடித்தால் நாள்கணக்கில் அரிக்கும். பூசும் மருந்து வேண்டும்.

மருந்துப் பையில் ஒரு விஷயம் முக்கியம். வளைவுச் சாலையில் வாந்திக்குப் போடும் மாத்திரைகளும், சளி மாத்திரைகளில் பலவும் தூக்கம் தரும். பின்சீட்டுக்காரர்கள் போடலாம், ஓட்டுகிறவர் தொடக் கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மூன்று மாதத்துக்கு மிகாமல், மருத்துவரின் ஆங்கிலச் சீட்டோடு கொண்டுபோங்கள். விபத்தில் காயம் பட்டால் நியூசிலாந்தின் ஏ.சி.சி. என்ற பொது விபத்துக் காப்பீடு சுற்றுலாப் பயணியின் சிகிச்சைச் செலவுக்கும் உதவும்; 1974-லிருந்து இருக்கும் ஏற்பாடு. நெஞ்சுவலிக்கும் காய்ச்சலுக்கும் அது உதவாது. அதனால் பயணக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். வீட்டுப் பெரியவர்களின் பழைய நோய்களை மறைக்காமல் எழுதி எடுங்கள்.

டேஷ்போர்டைச் சுற்றி ஓட்டுநரின் பொருள்கள் மட்டும் இருக்கட்டும்: கறுப்புக் கண்ணாடி, போன் மாட்டும் ஸ்டாண்டு, சார்ஜர், தண்ணீர். ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தால் 150 டாலர் அபராதம். செருப்போடு ஓட்டாமல் ஷூ போடச் சொல்லுங்கள். நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும், அந்த ஊர் சாய்கால் பின்னுக்கு ஏற்ற அடாப்டர் ஒன்றும் போதும். நான்கு போன், கேமரா, ரைஸ் குக்கர் எல்லாவற்றுக்கும் தனித்தனி அடாப்டர் தேட வேண்டாம். வரைபடத்தை முன்பே போனில் இறக்கிவையுங்கள். ஹாஸ்ட் பக்கமும் மில்ஃபர்ட் சாலையிலும் மணிக்கணக்கில் சிக்னல் வராது. பெட்ரோல் பாதி டேங்க்குக்கு வந்தால் அடுத்த பங்க்கில் நிரப்பிவிடுவது பழக்கமாகட்டும்.

ஆளில்லாத சாலை

சாலையில் யாரும் இல்லை என்பதால் வரும் ஆபத்து முன்பே சொன்னது. அரை மணி நேரம் எதிரே ஒரு வண்டியும் வராதபோது கண் அசரும். சாலையின் நடுவே ஓட்டப் பழகிவிடும். பிறகு ஒரு வளைவில் பால் லாரி வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கியே ஆக வேண்டும் என்று முன்சீட்டில் இருப்பவர் கறாராக இருக்கட்டும். முன்சீட்டில் உட்காருகிறவரின் வேலை தூங்குவது அல்ல. வழி சொல்வது, பலகை படிப்பது, பேச்சுக் கொடுப்பது.

ஒற்றை வழிப் பாலங்கள் நிறைய வரும். இரண்டு அம்புக்குறி போட்ட பலகை இருக்கும்: நம் பக்கத்து அம்பு சிறியதாகச் சிவப்பில் இருந்தால் நாம்தான் நிற்க வேண்டும். பெரிய அம்பு நம்முடையதாக இருந்தாலும் எதிர்க்கரையைப் பார்த்துவிட்டே ஏறுங்கள். ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு முன்னுரிமை. ‘ஸ்டாப்’ பலகையில் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும், யாரும் இல்லாவிட்டாலும். நம் பக்கம் மஞ்சள் கோடு இருந்தால் முந்தக் கூடாது. பின்னால் நான்கு கார் சேர்ந்துவிட்டால் ஓரம் கண்ட இடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள். அந்த ஊரில் ஹாரன் அடித்துக் கேட்க மாட்டார்கள், மனதுக்குள் திட்டுவார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு நாள் மட்டும் கார் எடுக்காதீர்கள் என்று சொல்லப் போகிறேன். மில்ஃபர்ட் சவுண்டுக்குப் போகும் நாள். குயின்ஸ்டவுனிலிருந்து ஒரு வழிக்கு 290 கிலோமீட்டர். அதை ஒரே நாளில் போய்வர நினைப்பது அநியாயம். டி ஆனவில் இரண்டு இரவு தங்கினால் அங்கிருந்து 120 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த 120 கிலோமீட்டர்தான் மொத்தப் பயணத்தின் உச்சம். எக்லின்டன் பள்ளத்தாக்கின் புல்வெளி, மலையைத் தலைகீழாகக் காட்டும் குட்டை, பனிச்சரிவு அபாயப் பலகைகள், கடைசியில் ஹோமர் சுரங்கம். 1935-ல் பொருளாதார மந்தக் காலத்தில் வேலையில்லாதவர்களைக் கொண்டு கடப்பாரையும் மண்வெட்டியுமாகத் தொடங்கி, 1954-ல் திறந்த 1.2 கிலோமீட்டர்ப் பாறைக் குடைவு அது. மறுமுனையில் வெளியே வந்ததும் சாலை வளைந்து வளைந்து செங்குத்தாக இறங்கும். அந்த வளைவுகளில் ஓட்டுகிறவர் தலையைத் திருப்ப முடியாது. டி ஆனவிலிருந்து படகுச் சவாரியோடு சேர்த்துப் பஸ் விடுகிறார்கள். அன்று அப்பாவுக்கு ஜன்னல் சீட் கொடுங்கள்.

மழை என்றால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். மில்ஃபர்டில் ஆண்டுக்கு ஆறு மீட்டருக்கு மேல் மழை. சென்னையில் பெய்வதைப்போல நான்கு மடங்குக்கும் அதிகம். மழை பெய்தால்தான் பாறைச் சுவரெங்கும் நூற்றுக்கணக்கில் அருவி இறங்கும். வழியில் நிறுத்தும் இடங்களில் கியா என்ற பச்சை மலைக்கிளிகள் வரும். கார்க் கதவின் ரப்பரையும் வைப்பரையும் பிடுங்குவதில் சமர்த்தர்கள் அவை. முறுக்கைக் காட்டி அழைக்காதீர்கள். மனிதத் தீனி அவற்றுக்கு ஆகாது.

காரைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் டேங்க்கை நிரப்பி, சீட்டுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்து, மறுபடி நான்கு பக்கமும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். தீராத அரிசியையும் எண்ணெயையும் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டாம். ஹாலிடே பார்க்கின் பொதுச் சமையலறையில், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ள ஓர் அலமாரி பெரும்பாலும் இருக்கும். ஊர் திரும்பிச் சில வாரம் கழித்து கிரெடிட் கார்டில் புரியாத ஒரு தொகை கழிந்திருந்தால், திருட்டு என்று கார்டை முடக்குமுன் வாடகை நிறுவனத்தின் மெயிலைத் தேடிப் பாருங்கள். 50 என்று போட்ட ஏதோ ஒரு சின்ன ஊரில் வேகக் கேமரா உங்களைப் படம் பிடித்திருக்கும். அபராதம் தனியாக வரும், அதை உங்கள் பெயருக்கு மாற்றி அனுப்பிய வேலைக்கு நிறுவனம் எடுத்த கட்டணம் அது.